கையை எடுத்துப் பார்க்கிற வேலை

இன்று காலை ஒரகடம் சந்திப்பில் ஒரு கண்டெய்னர் லாரி, பிரேக் கருகும் வாடையோடு வந்து நின்றது. கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ஸ்டெல்லா நினைவுக்கு வந்தாள். இந்த வாடையை வைத்து ஒரு பெண்ணை நினைப்பது அவ்வளவு அழகான விஷயம் இல்லைதான். என்ன செய்ய?

தண்டலத்துப் பெண். கார் தொழிற்சாலையில் நானும் அவளும் டெஸ்ட் டிரைவர்கள். அசெம்பிளி லைனிலிருந்து இறங்கும் புது வண்டியைத் தொழிற்சாலைக்கு உள்ளேயே இருந்த பாதையில் ஒரு சுற்று ஓட்டுவோம். நேர்ரோட்டில் பிரேக்கை அழுத்தி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால் வண்டி சரிசெய்ய லைனுக்கே திரும்பிப் போகும். நாள் முழுக்க இதே வேலை. வீட்டுக்குப் போனால் தலைவாரக்கூடக் கை எழாது. வாருவதற்கு எனக்கு முடி இருந்த காலம் அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவோம். நானும் ஓட்டினேன், கடைசியாக வர ஒருவர் வேண்டுமே. லைன் வண்டியில் பெடலைத் தொட்டால் போதும், நின்றுவிடும். ரேஸ் வண்டியில் ஏறி மிதிக்க வேண்டும், அதுவும் பிரேக் சூடானால்தான் பிடிக்கும். சஸ்பென்ஷன் கட்டை மாதிரி இருக்கும். ரோட்டின் மேடுபள்ளமெல்லாம் முதுகுக்குத் தெரியும். என் கால் இதற்குப் பழகுவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். ஸ்டெல்லாவுக்கு ஒரு சுற்று போதும்.

"கால கேளுண்ணா, அதுவே சொல்லும்" என்பாள். என் கால் எதுவும் சொன்னதில்லை.

ஒரு ரேஸ் அணி அவளைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டது. தேறினால் ரேஸ்தான் வேலை, லைனுக்குக் கும்பிடு போட்டுவிடலாம். முந்தின நாள் லீவு கிடைக்கவில்லை. ஓ.டி. முடித்து, அரைத் தூக்கத்தோடு வந்தாள். ஆனாலும் முதல் சுற்றிலேயே பிரேக் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அணி மேனேஜர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சுற்றில், நேர்ரோட்டின் முடிவில் பிரேக்கை மிதித்தவள், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த சஸ்பென்ஷனுக்கு ஒரு சின்ன மேடு போதும். வண்டி துள்ளிச் சுழன்று டயர் அடுக்கில் போய் மோதியது.

நல்லவேளை, காயமில்லை. மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஏம்மா கைய விட்ட?"

"வண்டி இழுக்குதான்னு பாத்தேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சீட் வேறொருவருக்குப் போனது. திங்கட்கிழமை ஷிஃப்டில் அவள் வண்டிப் பக்கம் போய் நின்றேன். "இன்னாண்ணா பாத்துகினு நிக்கிற? வண்டிய எடு" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை. நானும் நிறுத்திவிட்டேன்.

இப்போது தொழிற்சாலைக்குள் அந்தப் பாதை இல்லை. ஷெட்டுக்குள் வண்டியை உருளைமேல் ஏற்றி, பிரேக்கை மிஷினே பார்த்துவிடுகிறது. என்னை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவளே நின்றுவிட்டாள். எந்தப் பழக்கம் அவள் சீட்டைப் பறித்ததோ, அது இன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தேவையில்லை.