மஞ்சள் டேப்பின் மேல் ஏழு முறை

நான் எழுதிய ஒரு ரிப்போர்ட்டால் ஒருவர் படுத்த படுக்கையானார். கோவையில் முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். சொல்லிக்கொள்ள நல்லதும் நாலு உண்டு. ஆனால் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நடையை அளக்கும் லேப் புதிதாக வந்திருந்தது. ஆறு கேமரா, காலில் ஒட்டும் மார்க்கர், பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் பிளேட். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பழனிச்சாமி பல்லடத்தில் தறி ஓட்டுபவர். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதமோ என்ற சந்தேகத்தில் நரம்பு டாக்டர் அனுப்பியிருந்தார். டாக்டர் லெட்டர் இருந்தால்தான் உட்கார்ந்து செய்யும் வேலை தருவேன் என்று தறி ஓனர் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க சார், ஊட்ல வாசக்கதவு நெலவத் தாண்டப் போனா கால் தரையோட ஒட்டிக்குதுங்க. தறிச் சந்துலயும் அப்படித்தானுங்க" என்றார் மனைவி சரசு.

"அதையெல்லாம் மெஷின் சொல்லிப்போடும் அம்மணி. வெளிய உக்காருங்க" என்றேன்.

ஏழு முறை நடக்கவிட்டேன். ஏழு முறையும் விறுவிறுவென்று நடந்தார். ஸ்டெப் லெங்த், வேகம் எல்லாம் சரி. 'நடை நார்மல்' என்று எழுதினேன். லெட்டர் கிடைக்கவில்லை. "நடிக்கறயா?" என்று கேட்டு ஓனர் மறுபடி தறியிலேயே நிற்கவைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் தறிச் சந்தில் கால் ஒட்டிக்கொண்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

நரம்பு டாக்டர் லேபுக்கு வந்து தரையைப் பார்த்தார். "எதுக்குங்க இந்த மஞ்சள் டேப்?"

"தூரம் கணக்குப் பண்ணங்க சார். அரை மீட்டருக்கு ஒண்ணு குறுக்க ஒட்டியிருக்கறனுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இப்படிக் கால் ஒட்டிக்கொள்பவர்கள், தரையில் குறுக்குக் கோடு இருந்தால் அதைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்கள். பக்கத்து அறையில் வருடக்கணக்காக நானே கொடுத்துவந்த பயிற்சி அது. அந்தக் கோடுகள் மேலேயே அவரை நடக்கவிட்டு, நோய் இல்லை என்று எழுதியிருக்கிறேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வார்டில் சரசு எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க. மெஷின் சொன்னதத்தானுங்க எழுதுனீங்க." நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து, கூட வருபவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ரிப்போர்ட்டின் முதல் வரியாக எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். வேறு சிலருக்கு அது உதவியிருக்கலாம். பழனிச்சாமி அதற்கப்புறம் எழுந்து நடக்கவே இல்லை.