தானாகச் சேர்த்த மூன்று எழுத்து

போர்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கோடு போடாமலே எழுத்து நேராக நிற்கும், கை அப்படி. அந்தக் கைதான் அவர் வீட்டுக்காரியின் வாயைக் கெடுத்தது. மழுப்பிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வந்து பல் ஆஸ்பத்திரி திறந்தான். பலகையில் அவன் பெயர், 'பல் டாக்டர்', அவ்வளவுதான். கீழே ஒரு சாண் இடம் வெறிச்சென்று கிடந்தது. போர்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"படிப்பு எதுவும் போடலையா சார்? மொட்டையா இருக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்களே பாத்துப் போடுங்களேன்."

மற்ற பல் டாக்டர்களுக்கு எழுதிய பழக்கத்தில் பி.டி.எஸ். என்று சிவப்பில் நிழல் கொடுத்து எழுதிவிட்டார். பலகை நிறைந்தது. போகவர அதைப் பார்த்துப் பார்த்து, எழுதியவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்காரிக்குப் பல்வலி வந்தபோது அங்கேதான் கூட்டிப்போனார்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறேன் என்று அவன் எதையெதையோ நோண்டினான். அன்றிலிருந்து அவளுக்குக் கீழுதட்டில் இடது பாதி மரத்தே கிடக்கிறது. டீ குடித்தால் வழிவது தெரியாது. கைத்துண்டு இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். அவனோ ராவோடு ராவாகக் கடையைக் காலி செய்துவிட்டான். "அந்தப் பாவி நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்" என்பாள் அவள். ரெண்டு பேரையும் என்பாள். அங்கேதான் அவருக்குச் சுருக்கென்று குத்தும். ஆனாலும் உண்மையைச் சொன்னதில்லை.

இப்போது அவளுக்கு வலது கன்னம் வீங்கிவிட்டது. மூன்று நாளாக வெறும் தண்ணீர் ஆகாரம், மேலுக்குக் காய்ச்சல் வேறு.

"டாக்டர்கிட்ட போலாம், வா."

"செத்தாலும் வரமாட்டேன். மிச்சமிருக்கிற பாதி உதடாவது எனக்கு இருக்கட்டும்."

அவர் தனியாகக் கிளம்பினார். முதலில் போன இடத்தில் பதிவு எண் கேட்டதும், "நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு வந்தீங்க?" என்று சீறினார்கள். உடனே படி இறங்கிவிட்டார். அடுத்த தெருவில், மாடியில், ஒரு டாக்டரம்மா. பலகை கம்ப்யூட்டரில் அடித்தது. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஆனால் ஓரத்தில் பதிவு எண் இருந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்து பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போன் போட்டார். ஆறு தடவை மணி அடித்து அடங்கியது. ஏழாவது தடவை ஒரு அம்மா எடுத்தாள்.

"டாக்டர் பேரு என்னங்க?"

"அதை நான் சொல்லமாட்டேம்மா. நம்பர் சொல்றேன். பேரை நீங்க சொல்லுங்க."

அந்த அம்மா பேரைச் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், இந்த வருஷம் பதிவைப் புதுப்பித்திருப்பதையும் சொன்னாள். பேரும் படிப்பும் பலகையோடு பொருந்தின.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சலிக்காமல் சொன்னாள்.

"எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்கறதுக்கு மட்டும் வா" என்று கெஞ்சி வீட்டுக்காரியை அழைத்துவந்தார். டாக்டரம்மா சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், உதடு எப்போதிலிருந்து மரத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பதில் எல்லாம் வந்தது. வாயைத் திறக்கச் சொன்னபோது மட்டும் தாடை பூட்டிக்கொண்டது.

"அவனும் படிச்சவன்னு போர்டு வச்சிருந்தவன்தான்" என்றாள் வீட்டுக்காரி, பல்லைக் கடித்தபடி.

போர்டுக்காரர் நாற்காலி ஓரம் குனிந்தார். "அவன் வைக்கல. அந்தப் படிப்பை நான்தான் எழுதினேன். பலகை மொட்டையா இருந்துச்சு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த போர்டு?"

"கவுன்சில்ல கேட்டேன், நம்பர்..."

"நீங்க எழுதினதான்னு கேட்டேன்."

"இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். அவர் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையைக் கொடுக்கவில்லை. கைத்துண்டை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றார்.