நசுங்காத எலுமிச்சம்பழம்

அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து, ரயிலில் கொடைரோடு ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். அறுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு கண்ணுக்கும் கட்டு. டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். தையல் ஆறும்வரை இவர் வாந்தி எடுக்கவே கூடாது, எடுத்தால் தையல் விட்டுப்போகும், அப்புறம் பார்வை வராது. அம்மாவோ மலை ஏறும்போது முதல் வளைவிலேயே பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவள்.

அவளை வெயிட்டிங் ரூமில் உட்கார வைத்துவிட்டு டாக்சி நிற்கும் இடத்துக்குப் போனேன். அந்த டிரைவர்களை எனக்குத் தெரியும். வளைவில் வேகத்தைக் குறைப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். மெதுவாகப் போங்கள் என்று கெஞ்சினால், மலை தொடங்குவதற்கு முன்னால் வரும் வத்தலக்குண்டு வரைதான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

நான் அப்போது கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி ஜீப்பை ஓட்டிப் பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. டாக்சி முதலாளியிடம் நேராகவே கேட்டேன். வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுங்கள், டிரைவர் வேண்டாம், திங்கட்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

அவர் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, பொம்பளையாளு கையில வண்டியக் குடுத்துட்டு நான் எப்படிங்க தூங்குறது? இப்ப அந்தக் கறுப்பு வண்டிதான் கெடக்கு. அதுக்கு ஹேண்ட் பிரேக்கு சரியா நிக்காது. மேட்டுல எடுக்கணும்னா கிளீனரு பின்னால கட்டையப் போடணும்."

"கட்டை இல்லாம நான் எடுக்கிறேன். பாத்துட்டுக் குடுங்க."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது. எங்கள் பள்ளி ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பூஜை போட்டு வண்டிச் சக்கரத்தில் நசுக்குவதற்காக முதலாளி எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். தண்டவாளத்தைத் தாண்டப் போகும் மேட்டில் பாதி வரை ஏற்றி வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஒரு பழத்தை எடுத்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு விரல் இடம் விட்டு வைத்தார்.

"இது நசுங்குச்சுன்னா அம்மாவக் கூட்டிக்கிட்டு பஸ்ல போங்க. நசுங்கலைன்னா வண்டி உங்களுக்கு."

ஊரெல்லாம் நசுக்குகிற பழத்தை நசுக்காமல் காப்பாற்றும் வேலை சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரி தலையில் விழுந்தது. பிரேக்கை மிதித்தபடியே கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி முனகி, மூக்கைத் தூக்கியது. சட்டென்று காலை ஆக்ஸிலேட்டருக்கு மாற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. வண்டி ஓர் அங்குலமும் பின்னால் போகாமல் மேலே ஏறியது.

முதலாளி குனிந்து பழத்தை எடுத்துத் துண்டில் துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை. வண்டியின் ஜன்னல் வழியாக அதை என்னிடம் நீட்டினார்.

"அம்மாவுக்கு மோந்து பாக்கக் குடுங்க. கொமட்டாது."

அம்மாவிடம் பொய் சொன்னேன். நான் ஓட்டும் வண்டியில் ஏறவே மாட்டேன் என்று அவள் வெகுநாளாகச் சொல்லி வந்தாள். அதனால் டிரைவர் அதிகம் பேசாத ஆள், நான் அவர் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருகிறேன் என்றேன். அவள் பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் மாட்டுவண்டி வேகத்தில் திரும்பினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி அந்த டிரைவரை வாய்க்கு வந்தபடி வைதேன். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அம்மா ஒரு தடவைகூட வாந்தி எடுத்திருக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளைக் கைத்தாங்கலாக இறக்கி நிறுத்தினேன்.

"டிரைவர் தம்பி எங்க? கையக் குடுங்க தம்பி" என்றாள்.

வேறு வழியில்லாமல், பேசாமல் என் கையைக் கொடுத்தேன். அதைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, பஸ்காரன் ரோட்ட அடைச்சான்னா டிரைவருல்ல வைவாரு? நீ எதுக்கு வஞ்சே?"

"தெரிஞ்சும் ஏம்மா பேசாம இருந்தீங்க?"

"அதுக்குள்ள முக்காவாசி மல ஏறியாச்சு. ஒரு தடவையும் கொமட்டலையே." பழத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "கட்டு அவுத்தப்புறம் இன்னொருக்கா வண்டி எடுத்துட்டு வா. முன்சீட்டுல உக்காந்து, நீ ஓட்டுறதப் பாத்துக்கிட்டே வாரேன்."