மூடத் தெரியாத மடக்குக் கத்தி

நான் இத்தாவில், கணவரை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் காலத்தில், இருக்கிறேன். ஆண்கள் யாரும் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பேன்.

இன்று ஒரு பார்சல்காரர் வந்து, மௌத்தான என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அவர் மௌத்தாகி ஒரு மாசமாகுது தம்பி" என்றேன்.

"இன்னாலில்லாஹ்... அப்ப இத ஆருக்கிட்ட ராத்தா குடுக்கிற?"

மகள் போய் வாங்கினாள். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. கறுப்புப் பிடி, உள்ளங்கை அளவுதான். பிடியில் இருந்த பொத்தானை அழுத்தியதும் டக்கென்று அலகு பாய்ந்து வந்தது. பயத்தில் கீழே போட்டுவிட்டேன்.

"உம்மா, நீங்க வாப்பாவுக்கு ஏசினதுக்குத்தான் இது" என்றாள் மகள்.

நான் சமைக்கிற குசினிக் கத்தியை அவர் மீன்பிடிக்கிற தோணிக்குக் கொண்டுபோய்த் துருவேற்றிக் கொண்டுவருவார்.

"இனி என்ட கத்தியத் தொட்டுப் பாருங்க!" என்று கடைசியாக ஏசினேன்.

"செரி புள்ள, தொடமாட்டன்" என்று சிரித்தார். சொல்லாமலே இதை ஓடர் பண்ணியிருக்கிறார்.

இப்போது என் கத்தியில் துரு இல்லை. புதுக் கத்தியைத்தான் எனக்கு மூடத் தெரியவில்லை. திறந்தபடியே மேசையில் கிடக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள். ஏசமாட்டேன்.