என் ஜெர்கின் பாக்கெட்டில் டில்லியின் கைகள்

போன வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, நாற்பத்திரண்டு வயது ஆண் ஒருவர் என்னைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் என் ஜெர்கின் பாக்கெட்டுகளுக்குள் இருந்தன. நான் பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் பால் பாக்கெட் இறக்கிக்கொண்டிருந்த ஒரு ஆசாமி, வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். எங்கள் இருவர் தலையிலும் மங்கி குல்லா. அதற்கு மேல் ஹெல்மெட்.

"இன்னா சார், புச்சா கண்ணாலம் ஆச்சா?" என்றார்.

நின்று பதில் சொல்ல நேரமில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்... பின்னால் இருந்தவன் டில்லி. என் மனைவி கஸ்தூரியின் தம்பி. தொழில் வெல்டிங். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் அவனுக்கு அன்று காலை டிரேட் டெஸ்ட். ஏழு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம்.

நான்கு மாதமாக அவனுக்கு நிலையான வேலை இல்லை. பழைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஜன்னல் கிரில் அடிக்கும் கடையில் கூப்பிட்டால் போவான், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருப்பான். மூன்று வாரத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் டெஸ்ட் கொடுத்தான். ரிஜெக்ட்.

"இன்னாடா ஆச்சு?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"பனிக்கா. காலீல வண்டி ஓட்டிகினு போனனா... கை வெறச்சிப் போச்சு. ஆடிச்சி."

நியாயம்தானே? அவன் கொடுப்பது சாதாரண டெஸ்ட் இல்லை. ஒரு பைப்பைச் சாய்த்து இறுக்கி வைத்திருப்பார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து, குனிந்து, அண்ணாந்து பற்றவைத்து முடிக்க வேண்டும். கை ஒரு நூல் ஆடினாலும் பைப் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட கையை மார்கழிக் காற்றில் இருபத்தைந்து கிலோமீட்டர் நீட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்?

கனடாவில் இருக்கும் வாசகர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். என் போன் அன்று காட்டியது இருபத்தோரு டிகிரி. உங்களுக்கு அது கோடைக்காலம். எங்களுக்கு அது காதில் பஞ்சு வைக்கும் காலம்.

ஆக, எங்கள் வீட்டில் 'ஆபரேஷன் டில்லி கை' ஆரம்பமாயிற்று. கஸ்தூரி முந்தின நாளே ரோட்டோரக் கடையில் கம்பளிக் கையுறை வாங்கி வந்தாள். அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைஸ். டில்லியின் கையோ, கட்டை விரல் மட்டுமே என் இரண்டு விரல் இருக்கும். உள்ளே போகவில்லை. அடுத்த திட்டம் — அவன் வண்டி ஓட்டக் கூடாது. நான் ஓட்ட வேண்டும். அவன் கைகள் என் பாக்கெட்டுக்குள் பத்திரமாக இருக்க வேண்டும்.

"எனக்குக் குளிராதா?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னா, உக்காந்து எழுதற கைதானே?" என்றாள் கஸ்தூரி. "அவன் கைய மட்டும் பாத்துக்கோ. அதான் அவன் வூட்டுக்கு சோறு."

இத்தனை வருடம் எழுதிய எழுத்துக்கு வீட்டில் உள்ள மரியாதை இதுதான். இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது டில்லி, ஷிப்டுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தான். காற்று அடிக்காமல் இருக்க சட்டைக்குள் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். என் பத்தி வந்த பக்கம். என் எழுத்து ஒரு வாசகரின் நெஞ்சைத் தொட்டது என்றால், அது அன்றைக்குத்தான்.

மணலி புதுநகர் தாண்டியதும் பனி கெட்டியாகிவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று முகத்தில் அறைந்தது. என் விரல்களில் உணர்ச்சியே இல்லை. பிரேக் பிடிக்கிறேனா, பிடித்ததாக நினைத்துக்கொள்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பின்னாலிருந்து டில்லி கத்தினான்.

"மாமா, அந்த ட்ரெய்லர் பின்னால போ. காத்து அடிக்காது!"

இது இந்த ரோட்டில் காலை ஷிப்டுக்குப் போகும் பைக்காரர்களின் பழைய தந்திரம். ஹார்பருக்கும் யார்டுக்கும் போகும் கண்டெய்னர் ட்ரெய்லர் ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டால் எதிர்க்காற்று இல்லை. கொஞ்சம் வெதுவெதுப்பும் கிடைக்கும். பனியில் வழி தேட வேண்டியதில்லை, முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். ட்ரெய்லர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் யாரும் செய்யாதீர்கள். நான் செய்தேன்.

ஆஹா, என்ன சுகம்! காற்று சுத்தமாக நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு வளைந்தால் நானும் வளைந்தேன். அது மெதுவாகப் போனால் நானும் மெதுவாகப் போனேன். கொஞ்ச நேரத்தில் அது இடது பக்கம் திரும்பி நின்றது. நானும் திரும்பி நின்றேன். முன்னால் ஒரு இரும்பு கேட் திறந்தது. ட்ரெய்லர் உள்ளே போனது. நானும் உள்ளே போனேன்.

ஒரு விசில் சத்தம். கையில் டார்ச்சோடு வாட்ச்மேன் ஓடி வந்தார். சுற்றிலும் பார்த்தேன்... நாலு பக்கமும் மாடி மாடியாகக் கண்டெய்னர்கள்.

வாட்ச்மேன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பைக்கின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்டெய்னர் எங்க சார்?"

நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னால குந்திகினு கீறாரே, அவருதானா சரக்கு?" என்றவர், டில்லி பக்கம் திரும்பினார். "சீலு கீலு உடைக்காம வந்தியா நைனா?"

அந்தக் காலையில் டில்லி முதல் தடவையாகச் சிரித்தான். சட்டைக்குள் இருந்த பேப்பர் மொறமொறக்கும் அளவுக்குச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஆறேகால். மெயின் ரோட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றுகூடத் தெரியாது. என்னை நம்பி ஒருவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கேட்டை மூடிவிட்டால் கஸ்தூரியிடம் என்ன சொல்வேன்? ட்ரெய்லர் பின்னால் இதமாக இருந்தது என்றா?

வாட்ச்மேன் நல்ல மனிதர். சிரித்து முடித்ததும் குறுக்கு வழி காட்டினார். அதன் பிறகு எந்த வண்டி பின்னாலும் நான் ஒண்டவில்லை. மீஞ்சூரைத் தாண்டியபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆறு ஐம்பத்தாறுக்கு கேட் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

"காட்டு, கையக் காட்டு," என்று டில்லியின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தேன்.

கை கதகதப்பாக இருந்தது. வெறும் கதகதப்பு இல்லை... வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கேட்டைப் பார்த்தான்.

"குளிரு இல்ல மாமா," என்றான். "போன தபாவும் குளிரு இல்ல."

"பின்ன?"

"டெஸ்ட்டுல பின்னால ஒருத்தன் நின்னுகினு பாப்பான். அப்போ இந்த வேலையும் இல்லன்னா இன்னா பண்றதுன்னு ஒரு நெனப்பு வரும் பாரு... கை தானா ஆடும். இருவது வருசமா அடிக்கற கை மாமா. எனக்கே வெக்கமாக்கீது. அக்காகிட்ட சொல்லாத."

வாராவாரம் இந்த இடத்தில் உங்களுக்கு வண்டி வண்டியாக அட்வைஸ் எழுதுகிறேன் இல்லையா? அதில் ஒன்றுகூட இவன் கைக்கு ஆகாது. என் மேலேயே கோபமாக வந்தது. மூன்று வாரமாக அவன் கைக்குக் குளிருமே என்று கவலைப்பட்டோமே, ஒருவராவது அவனை உட்கார வைத்து, 'என்னடா, பயமா இருக்கா?' என்று கேட்டோமா?

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். பயமாக இருக்கிறது என்று நம் ஊரில் எந்த ஆம்பளை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்? குளிர் என்றால் மரியாதையாக நடுங்கலாம். அதற்கு ஸ்வெட்டர் தருவார்கள், சுக்குக் காபி தருவார்கள், அக்கா புருஷன் பாக்கெட்டைக் காலி செய்து தருவான். பயத்துக்கு என்ன தருவார்கள்? அட்வைஸ்தான்.

கேட்டில் செக்யூரிட்டி வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"டெஸ்ட் எடுக்கறவன் பின்னால வந்து நின்னான்னா, அந்த யார்டு வாட்ச்மேனை நெனச்சுக்கோ," என்றேன். "கண்டெய்னர் எங்க சார்னு கேட்டாரே..."

டில்லி லேசாகச் சிரித்தான். பையை எடுத்துக்கொண்டு நடந்தான். நாலு எட்டு வைத்தவன் திரும்பி, "மாமா, இங்கயே இருக்கியா?" என்று கேட்டான். இருப்பேன் என்று தலையை ஆட்டினேன். அவன் உள்ளே போனான். கேட் மூடியது.

ஏழு மணிக்கு டாண் என்று மூடினார்களே தவிர, டெஸ்ட் எடுக்கும் ஆபீசர் வந்தது பத்தரை மணிக்கு. காலையில் பனி அதிகமாம். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தார். அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. எதிரே டீக்கடை பெஞ்சில், ஜெர்கினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் வியர்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை டீ குடித்தேன் என்று எனக்கே தெரியாது. எழுத வேண்டிய இந்தப் பத்தியை போனில் நாலு வரி எழுதினேன், அழித்தேன். கஸ்தூரி ஐந்து முறை கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும், "கை சூடா இருந்துச்சில்ல?" என்ற ஒரே கேள்வி. சூடாகத்தான் இருந்தது என்று உண்மையைச் சொன்னேன்.

ஐந்தரை மணிக்கு கேட் திறந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் வந்த இரண்டு பேர் யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் போனார்கள். நான் பெஞ்சை விட்டு எழுந்தேன். அப்புறம் டில்லி வந்தான். ஓடி வரவில்லை, கத்தவில்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான்.

"சாவி குடு மாமா. நா ஓட்றேன்."

"டெஸ்ட் என்னாச்சு?"

"பாஸு. ஒண்ணாந்தேதி வரச் சொல்ட்டாங்க."

சாவியைக் கொடுத்தபடியே, "வாட்ச்மேனை நெனச்சுக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. வெல்டிங் ஹெல்மெட்ட மூஞ்சில எறக்கனதும் அந்தாளும் தெர்ல, வாட்ச்மேனும் தெர்ல. நெருப்பு மட்டும்தான் தெரிஞ்சுது. அப்டியே அட்ச்சி முட்ச்சிட்டேன்."

என் அட்வைஸ் இந்த முறையும் யாருக்கும் பயன்படவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டேன். பேரை மாத்திக்கோ என்றான், மாற்றிவிட்டேன். அவன் அக்கா இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியமும் இருக்கிறது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. கடல் காற்று காலையில் அடித்ததைவிட மோசமாக அடித்தது. டில்லி அறுபதில் பறந்தான். சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்து கிடந்தன. பின்னால் எனக்குப் பல் தந்தியடித்தது.

"டேய், உனக்குக் குளிரலையாடா?" என்று காதருகே கத்தினேன்.

"மெட்ராஸ்ல ஏது மாமா குளிரு?" என்றான்.