மாமன் வரிசைக்கு ஐம்பது மார்க்

ஜீவானந்தம் அண்ணன் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு சீனியர். தரம் பார்க்கும் வேலை. பதினெட்டு வருடப் பழக்கம், எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்ப்பார். கேன்டீன் வடையைக்கூட. கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்களை விட்டுவிடுவார். யார் பெயர் எங்கே, எந்த அச்சகம், எந்த ஊர் என்று பத்து நிமிடம் ஓடும்.

அதில் முளைத்த ஆசைதான் இது. சுற்றுவட்டாரப் பத்திரிகைகளை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது. எந்த ஊர் எந்த ஊருக்குப் பெண் கொடுத்தது, ‘விவசாயம்’ என்று போட்ட இடத்தில் எந்த வருடம் ‘கம்பெனி’ வந்தது, எல்லாம் தேடினால் கிடைக்க வேண்டும்.

அவர் மலைபோல் நம்பியிருந்தது பாப்பம்மாள் பெரியம்மாவின் பூட்டுப் போட்ட தகரப் பெட்டியை. உள்ளே முந்நூறு பத்திரிகைகள். பெரியம்மா வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்.

“இப்ப பத்து பத்திரிக எட்த்துனு போ. ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன்டா ஜீவா. ஒய்ங்கா வெச்சிருந்தா பொட்டி உனுக்கு. இல்லாங்காட்டி பழைய பேப்பர்காரனுக்கு.”

எந்த மென்பொருளில் ஏற்றுவது? அண்ணனின் அக்கா மகள் ரஞ்சனி கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள். இரண்டைச் சொன்னாள். ஒன்று வலைப்பூ எழுதுகிறவர்கள் வைத்திருப்பது, பளபளப்பு. இன்னொன்று அருங்காட்சியகக்காரர்கள் வைத்திருப்பது; பார்க்க ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி, ஆயிரம் கேள்வி கேட்கும்.

அண்ணன் பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு காலை மீட்டிங் குரலுக்கு மாறினார். “பாயின்ட் நம்பர் ஒன். எந்த சப்ளையரா இருந்தாலும் ட்ரையல் லாட் இல்லாம அப்ரூவல் கெடையாது!” இரண்டிலும் பெரியம்மா கொடுத்த பத்துப் பத்திரிகையையும் ஏற்றி, மார்க் ஷீட் போட்டார். வேகம், அழகு, போனில் தெரிவது. வலைப்பூவுக்குத் தொண்ணூற்று இரண்டு. மற்றதற்கு அறுபத்தொன்று.

“மாமா, வலைப்பூவுல பேருங்கள நாம போட்ட வரிசையில காட்டாது. அகர வரிசையில அதுவே அடுக்கிடும்” என்றாள் ரஞ்சனி.

“அடுக்குனா நல்லதுதானம்மா! அடுக்கி வெக்கலன்னு தானே தெனம் கம்பெனில திட்டு வாங்கறோம்?” அதற்கும் ஐந்து மார்க் சேர்த்தார்.

ஞாயிறு காலை பெரியம்மா ஷேர் ஆட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கினார். லேப்டாப் என்னுடையது என்பதால் நானும் இருந்தேன்; ரஞ்சனியும் வந்திருந்தாள். அண்ணன் பெரியம்மாவின் சொந்தக் கல்யாணப் பத்திரிகையையே பெருமையாகத் திறந்தார். பெரியம்மா திரையில் விரல் வைத்துக் கீழே இறங்கினார். முதலில் நாத்தனார் அன்னக்கிளி. இடையில் சமையல்காரர். அப்புறம் பேண்டு செட். கடைசியில் தாய்மாமன் வையாபுரி.

“இன்னாடா இது? எங்க மாமன பேண்டு செட்டுக்குப் பின்னால நிக்க வெச்சிகிறே?”

“பெரிம்மா, அது கம்ப்யூட்டர் அடுக்குனது...”

“கம்ப்யூட்டரா வந்து கல்யாணத்துல எனுக்கு நெத்திப் பட்டம் கட்டுச்சி? எங்க மாமன் கட்டுனாரு!” பெட்டியைத் தூக்கிவிட்டார்.

அண்ணன் அவசரமாக மார்க் ஷீட்டை எடுத்தார். கடைசியில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்: மாமன் வரிசை, ஐம்பது மார்க். வலைப்பூவுக்கு முட்டை. “ரஞ்சனி, அந்த ரேஷன் கார்டைத் தொற!”

திறந்தாள். பத்திரிகையில் உள்ள வரிசையிலேயே பெயர்கள். முதல் வரியில் வையாபுரி, பக்கத்தில் ‘தாய்மாமன்’ என்று உறவும் போட்டு. ஆயிரம் கேள்வி கேட்டது இதற்குத்தான்.

பெரியம்மா பெட்டியை இறக்கினார். அடியிலிருந்து மடித்த பத்திரிகை ஒன்றை எடுத்தார். அதே கல்யாணம், அதே தேதி; மாமன் மட்டும் மூன்றாவது வரியில்.

“மொதல்ல இப்டித்தான் அச்சடிச்சாங்க. அன்னக்கிளி வேல. அவ புருசன மேல ஏத்திட்டா. மாமன் பந்தலுக்கே வரமாட்டேன்னுட்டாரு. எங்கப்பா அல்லாத்தியும் கொளுத்திட்டு திரும்ப அடிச்சாரு. ஒண்ண மட்டும் நான் ஒளிச்சி வெச்சேன். இதுவும் ஏறுமா?”

“ஏறும் பாட்டி. மொத அச்சு, ரெண்டாவது அச்சுன்னு பக்கத்துப் பக்கத்துல காட்டும். வேணாம்னா யாருக்கும் தெரியாம வெக்கவும் வழி இருக்கு.”

“எதுக்கு மறைக்கணும்? போடு. அன்னக்கிளி பேரனுங்க பாக்கட்டும்.”

அண்ணன் அந்தப் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

“பூட்ட மட்டும் குட்த்துடு. அது நல்லா கீது.”