படிவத்துக்கு வாங்கிய வாய்தா

வியாபார ஒப்பந்தத்தை மீறியவர்மேல் வழக்குப் போட்டால் தீர்ப்பாக எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டு, மதுரையில் வக்கீலாயிருந்த எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு படிவம் வந்தது. நாடுநாடாகக் கோர்ட்டுகளை அளக்கிறார்களாம். நாள்கணக்கை எழுத, இலக்கத்துக்கு ஒன்றாக மூன்றே கட்டங்கள். எரிச்சலோடு குமாஸ்தாவிடம் காட்டினேன்.

"மூணு கட்டத்துக்குள்ள மூணு வருசமே அடங்காது சார். இன்னும் இழுத்துக்கிட்டிருக்குற நம்ம சோழவந்தான் வெத்தலை கேஸை எங்க எழுதுறது?" என்றார்.

பதிலனுப்ப இரண்டு வாரம் கெடு. கெடு முடியும் அன்று, கைப்பழக்கத்தில், உடம்பு சரியில்லை என்று வாய்தா கேட்டு எழுதினேன். கொடுத்தார்கள். அடுத்த முறை, கட்சிக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு உடனே பதில் வந்தது: "படிவம் வேண்டாம். தங்கள் கடிதங்களையே விடையாக எடுத்துக்கொண்டோம்."

"விடுங்க சார், அப்பீல் போட்டுருவோம்," என்றார் குமாஸ்தா.